இருபத்து மூன்று சுற்று

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஆறு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆறு பக்கம் என்றால் எத்தனை சொல் என்று கேட்டேன். செயலாளருக்குத் தெரியவில்லை. போன வருட மலரை எடுத்து ஒரு பக்கத்தை எண்ணினேன். முந்நூற்று முப்பது. படம் போட்டால் குறையும். படம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் போடுவார்கள்.

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் செப்புக் கம்பிகளை உருவி எடைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் கண்ணாடி இழை. ஸ்டோரில் மிஞ்சிய இரும்புப் பெட்டிகள் என்னவென்று தெரியாமல், அங்கே இப்போது இருக்கும் இஞ்சினீயர்கள் எனக்குப் போட்டோ அனுப்பினார்கள். போட்டோ தலைகீழாக வந்தது. மொத்தம் பதினொன்று. ஒன்பது டிரான்ஸ்பார்மர், இரண்டு காலிப் பெட்டி. இதைப் பற்றி எழுதுங்களேன் சார் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

டிரான்ஸ்பார்மர் என்றதும் தெருமுனையில் கம்பத்தின் மேல் இரையும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். டெலிபோனில் இருந்தது ஒரு தயிர்க்கிண்ணம் அளவு. உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகள், நடுவில் ஒரு பாபின், அதன் மேல் தலைமுடி கனத்தில் எனாமல் கம்பி. ஒரு பக்கத்துக் கம்பியில் வரும் பேச்சை, அந்தக் கம்பி இந்தக் கம்பியைத் தொடாமலே, மறுபக்கம் கடத்திவிடும். நாங்கள் அதைக் காயில் என்போம். முப்பத்து நான்கு வருடமும் ஏழு மாதமும் நான் அதோடு இருந்தேன். பயிற்சி ஒன்பது மாதம். அதில் எழுத ஒன்றுமில்லை, சாப்பாடு மோசம்.

ஒரு பேச்சுக்கு இரண்டு கம்பி வேண்டும். அப்படியானால் நான்கு கம்பிக்கு இரண்டு பேச்சு. ஆனால் மிளகு விளையும் மலைக்குப் போன எங்கள் டிரங்க் லைனில் நான்கு கம்பியில் மூன்று பேச்சு ஓடியது. மூன்றாவதற்கென்று தனிக் கம்பி கிடையாது. முதல் ஜோடி முழுவதையும் ஒரு கம்பியாகவும், இரண்டாவது ஜோடி முழுவதையும் இன்னொரு கம்பியாகவும் வைத்து அதை அனுப்புவோம். அது காயிலின் நட்டநடுவில் நுழைந்து, இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்து போகும். பாதிக்குப் பாதி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், அந்த ஜோடியில் பேசிக்கொண்டிருப்பவர் காதுக்கு மூன்றாவது பேச்சு எட்டாது. நிபந்தனை ஒன்றுதான். நடு என்பது நடுவாக இருக்க வேண்டும். இந்தப் பாதியில் அறுநூற்று நாற்பது சுற்று என்றால் அந்தப் பாதியிலும் அறுநூற்று நாற்பது. குறைந்தால் பேச்சு கசியும்.

மழைக்காலத்தில் இடி விழுந்து காயில்கள் எரியும். புதியது வர மாதக்கணக்காகும். அதனால் டெஸ்ட் ரூமிலேயே பழையதைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவோம். சுற்றும் வேலை என்னுடையது. கையால் சுழற்றும் ஒரு மெஷின். பக்கத்தில் சுற்றை எண்ணும் மீட்டர்.

எனக்கு மேலே இருந்தவர் வர்க்கி சார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, "ஒண்ணுகூடி" என்பார். மலையாளத்தில் இன்னொரு முறை என்று பொருள். எதையும் முதலில் பென்சிலில் எழுதுவார். இரண்டாம் முறை அளந்து அதே எண் வந்தால்தான் அதன் மேல் பேனா ஓடும். லைனில் காது வைக்கும்போது ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் பிடித்து, கண்ணை மூடி, முப்பது விநாடி அசையாமல் இருப்பார். லைனில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். "வாக்கு கேள்க்கண்டா, சுப்பிரமணி. ஒச்ச கேட்டா மதி" என்பார். சொல்லைக் கேட்க வேண்டாம், ஓசையைக் கேட்டால் போதும். பதினெட்டு வருடம் அவரோடு இருந்தேன். லைனில் கேட்ட ஒரு சொல்லை அவர் திருப்பிச் சொல்லிக் கேட்டதில்லை.

காயில் சுற்ற அவர் இரண்டு விதி வைத்திருந்தார். ஒன்று, இரண்டு பாதிக்கும் இரண்டு ரீலிலிருந்து கம்பி எடுத்து, இரண்டையும் சேர்த்தே சுற்ற வேண்டும். அப்போது எண்ணிக்கை தப்பினாலும் இரண்டிலும் ஒன்றுபோலத் தப்பும். இரண்டு, சுற்றியவன் சோதிக்கக் கூடாது. ரிஜிஸ்டரில் சுற்றியவர், சோதித்தவர் என்று இரண்டு கட்டம். இரண்டிலும் வேறு வேறு கையெழுத்துச் சுருக்கம் இருக்க வேண்டும்.

எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது ஒரு ஆடி மாதம் மலை லைனின் காயில் எரிந்தது. வர்க்கி சார் ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் லீவு. அந்த அளவுக் கம்பியில் ஒரு ரீலும் அதற்கு முன்பே பாதி தீர்ந்த ஒன்றும்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்துச் சுற்றப் போதாது. ஒரு பாதியை முதலிலும் மற்றப் பாதியை அதன் மேலும் சுற்றுவது என்று முடிவு செய்தேன். எண்ணுவதில் எனக்குக் கர்வம் இருந்தது.

முதல் பாதி சரியாக முடிந்தது. இரண்டாவதில் மீட்டர் நானூறு காட்டும்போது கம்பி தீர்ந்தது. கடைசியில் வந்த கம்பியில் எனாமல் உரிந்திருந்ததால் பின்பக்கமாகப் பிரித்து, நல்ல இடத்தில் வெட்டி, அடுத்த ரீலோடு சாலிடர் வைத்தேன். பிரித்தது இருபத்து மூன்று சுற்று. அந்த மீட்டர் முன்னால் மட்டுமே ஓடும். பின்னால் சுற்றினால் எண் குறையாது. அது எனக்குத் தெரியும். பிரித்ததைச் சாக்கட்டியால் மேஜையில் எழுதி, கடைசியில் அத்தனை சுற்று கூடுதலாகச் சுற்றுவது வழக்கம்.

அந்த நேரம் பார்த்துச் சாயா வந்தது. எட்டு சொன்னேன், ஏழு வந்தது.

"எட்டாக்கும் சொன்னது" என்றேன்.

"ஏழுன்னாக்கும் என் காதுல விழுந்தது" என்றான் கடைக்காரன் முகம்மது. "வேணும்னா உம்மட டிரான்ஸ்பார்மரை என் காதுல மாட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கிளாஸ்களை இரண்டு முறை எண்ணிக் காட்டினேன். எட்டாவது வந்தது. நான் திரும்பி வந்து, மீட்டர் அறுநூற்று நாற்பது காட்டும்வரை சுற்றினேன். மேஜையில் சாக்கட்டி எழுத்து எதுவும் இல்லை.

அன்று சோதிக்க வேறு ஆள் இல்லை. லைன் மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. மிளகுக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நானே சோதித்தேன். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் மட்டும் பார்த்தேன். நடுவைப் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரின் இரண்டு கட்டத்திலும் என் சுருக்கத்தையே போட்டேன்.

மூன்றாவது லைனைத் தினமும் காலை பதினொரு மணிக்குப் பிடிப்பவர் ஒரு குஜராத்தி மிளகு வியாபாரி. சேட்டு என்றே எல்லோரும் சொல்வார்கள். மலையில் இருக்கும் தன் ஆளிடம் அன்றைக்கு எத்தனை மூட்டை, என்ன விலைக்கு வாங்கலாம் என்று சொல்வார். அவருக்கு டெலிபோன் மேல் நம்பிக்கை கிடையாது. மலைக்கு நேரடியாகவே கேட்கட்டும் என்பதுபோலக் கத்துவார். அதே நேரத்துக்கு அதே ஊருக்கு, நான் சுற்றிய காயில் மாட்டியிருந்த பக்கத்து ஜோடியில், அவருடைய போட்டிக்காரர் ஒருவர் பேசுவார். சேட்டு சொல்லும் விலைக்கு மேல் நாலணா வைத்துப் போட்டிக்காரர் வாங்கிவிடுகிறார் என்பது இரண்டு வாரத்தில் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் சேட்டுவுக்கு லைன் கொடுத்தவர் பத்மாக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். திருப்பூணித்துறைத் தமிழ்க் குடும்பம். பதினொரு வருட சர்வீஸ். சேட்டு புகார் எழுதினார்: என் பேச்சை ஆபரேட்டர் கேட்டு விற்கிறாள்.

பத்மாக்கா அதற்கு முன்பே மூன்று முறை எனக்குப் புகார்ச் சீட்டு அனுப்பியிருந்தார். லைனில் முணுமுணுப்பு. மூன்றையும் நான் காலை பத்து மணிக்குச் சோதித்து, குறை இல்லை என்று எழுதித் திருப்பினேன். மூன்றாவது தடவை அவரே டெஸ்ட் ரூமுக்கு வந்தார்.

"மணி, உன் காதுல என்ன, பஞ்சா? பக்கத்து முறியில, சுவருக்கு அந்தப் பக்கம், ஆரோ பேசறாப்போல கேக்கறது."

"பத்து மணிக்கு நோக்கினேன் அக்கா. சுத்தமா இருக்கு."

"பத்து மணிக்கு ஆரு பேசறா? பதினோரு மணிக்கு நோக்கு."

"பதினோரு மணிக்கு லைன் பிஸி. பிஸி லைன்ல டெஸ்ட் போட ரூல் இல்லை."

"உன் ரூலைக் கொண்டு போய் மாலை போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு புதன்கிழமை மாலை அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்தவர்கள் ஆபரேட்டர்கள். அதை மீறினால் வேலை போகும். போன பிறகு அந்தப் பேரோடு யாரும் வேறு வேலை தர மாட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போகும் வழியில் டெஸ்ட் ரூம் வாசலில் நின்றார்.

"லைன்லதான் குத்தம்னு சொன்னேன். மேலே உள்ளவா உன்னோட மூணு சீட்டையும் எடுத்து மேஜை மேல வச்சா. குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை. இனி நான் என்ன பேசறது?"

அவர் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு, ரூலை மீறி, பக்கத்து ஜோடியில் காது வைத்தேன். போட்டிக்காரர் அன்று லைனுக்கு வரவில்லை. சொல்லைக் கேட்காமல் ஓசையை மட்டும் கேட்க முயன்றேன். ஓசையே சொல்லாக இருந்தது. மெல்லியதாக, ஆனால் தெளிவாக, சேட்டு தன் உடைந்த மலையாளத்தில் நாற்பது மூட்டை என்றார். ரிஜிஸ்டரை எடுத்தேன். இரண்டு கட்டத்திலும் என் பெயர்ச் சுருக்கம். சாயா கிளாஸ் எட்டும் ஞாபகம் வந்தது.

ஸ்டோரில் அந்த வாரம்தான் புதுக் காயில் இரண்டு வந்திருந்தது. ஒன்றை எடுத்து மாட்டினேன். பழையதைப் பேப்பரில் சுற்றி என் டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். கசிவு நின்றுவிட்டது, இனி புகார் வராது, புகார் இல்லை என்றால் விசாரணையும் தானாகத் தணியும் என்று எண்ணினேன். அப்படி எண்ணியது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சனிக்கிழமை சேட்டுவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதை எங்கள் குமாஸ்தா டெஸ்ட் ரூமில் வைத்து உரக்கப் படித்தான். அந்தப் பெண்ணைப் போர்டிலிருந்து எடுத்த மறுநாளிலிருந்து என் விலை வெளியே போகவில்லை, இலாகாவுக்கு நன்றி.

நான் காயிலை மாற்றியதும் வியாழக்கிழமை. பத்மாக்கா போர்டில் இல்லாத முதல் நாளும் வியாழக்கிழமை. அவர் மேல் இருந்தது அதுவரை ஒரு சந்தேகம். அதை நிரூபித்துக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை காலை வர்க்கி சார் முன்னால் பேப்பர்ப் பொட்டலத்தை வைத்தேன். எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணுகூடி பறயு."

இன்னொரு முறை சொன்னேன். முதல் முறை அவர் பென்சிலில் எழுதியிருந்தார். இரண்டாம் முறை அதன் மேல் பேனா ஓட்டினார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்தார். ஒரு விநாடிதான் பார்த்தார். இன்றைக்கும் அந்த விநாடி எனக்குப் பிடிக்கவில்லை.

"எடோ, அந்த நல்ல காயிலைக் கழற்றி எடு" என்றார். "இந்தச் சீத்த காயில் அங்கே கேறட்டும்."

கெட்ட காயிலை மறுபடி மாட்டினால்தான் கசிவைக் காட்ட முடியும். இலாகாவில் யாரும் தெரிந்தே கெட்ட காயிலை லைனில் மாட்டியிருக்க மாட்டார்கள். நாங்கள் மாட்டினோம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எர்ணாகுளத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சேட்டுவை வரச் சொல்லியிருந்தார்கள். பத்மாக்காவும் வந்து சுவரோரம் நின்றார். யாரும் நாற்காலி கொடுக்கவில்லை, நானும்தான். சேட்டுவின் கணக்கப்பிள்ளை மூன்றாவது லைனில் மலையோடு பேசினான். சேட்டுவின் காதில் பக்கத்து ஜோடியின் ஹெட்போனை வைத்தோம். அவர் முகம் மாறியது.

"அய்யோ, இது எண்டெ குமாஸ்தன் அல்லே!"

அதிகாரிக்கு அது போதவில்லை. கசிகிறது, சரி, இந்தப் பெட்டிதான் காரணம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வர்க்கி சார் காயிலைக் கழற்றச் சொன்னார். தகடுகளை ஒவ்வொன்றாக உருவினேன். எண்பத்து நான்கு. பாபினை மெஷினில் பூட்டி, மேல் பாதியின் கம்பி நுனியைக் கையில் எடுத்தேன். மீட்டர் பின்னால் ஓடாது. வாயால்தான் எண்ண வேண்டும்.

ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். அறையில் ஐந்து பேர். நூறில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இருநூற்று நாற்பதில் நான் வைத்த சாலிடர் வந்தது. அப்போதே எனக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. உள்ளே நானூறு இருக்க வேண்டும். முந்நூற்று எழுபத்தேழுதான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றாகவே எண்ணினேன். ஐந்நூறுக்கு மேல் தொண்டை கட்டியது. யாரும் தண்ணீர் தரவில்லை. அறுநூற்றுப் பதினேழில் கம்பி என் கையோடு வந்துவிட்டது. இரண்டு பாதிக்கும் இடையில் வைத்த காகிதம் தெரிந்தது.

அதிகாரி நிமிர்ந்து, "எத்தனை?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் சுவரோரத்திலிருந்து பத்மாக்கா சொன்னார்: "அறுநூத்திப் பதினேழு. நானும் எண்ணினேன்."

அடியிலிருந்த பாதியையும் எண்ணினேன். அறுநூற்று நாற்பது. வித்தியாசம் இருபத்து மூன்று. வர்க்கி சார் பென்சிலில் எழுதி, என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பேனா ஓட்டினார்.

அடுத்த நாள் பத்மாக்கா போர்டுக்குத் திரும்பினார். எனக்கு சர்வீஸ் புத்தகத்தில் ஒரு குறிப்பு. இரண்டு வருடம் பள்ளுருத்திப் பக்கம் கம்பம் ஏறும் வேலை. கம்பங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. முழங்கால் மட்டும் இன்றுவரை சொல்கிறது.

விசாரணையில் ஒரு கேள்வி இருந்தது. வியாழக்கிழமை பிழை தெரிந்தும் திங்கட்கிழமைதான் ஏன் சொன்னீர்? அந்த மூன்று நாள் புதுக் காயிலை வைத்துச் சோதித்து உறுதி செய்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். வர்க்கி சார் அந்த வரியை மட்டும் ஒண்ணுகூடி என்று கேட்கவில்லை. உண்மையில் அந்த மூன்று நாள் நான் எதையும் சோதிக்கவில்லை. டிராயரைப் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சேட்டுவின் இரண்டாவது கடிதம் வராமலிருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எண்ணத் தெரியாத கணக்கு அது.

இதை எழுத உட்கார்ந்தபோது, அச்சாவதற்கு முன் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. போன வாரம் பஸ்ஸில் வைட்டிலா போய், அங்கிருந்து மெட்ரோவில் திருப்பூணித்துறைக்குப் போனேன். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கண்டக்டர் முகம் சுளித்தான். பத்மாக்காவுக்கு எண்பத்தைந்து. இடது காதில் கருவி. அவர் மகன் சாயா வைத்துவிட்டு உள்ளே போனான். காது கேட்காது என்று நினைத்து நான் உரக்க ஆரம்பித்தேன்.

"கத்தாதே, சேட்டு மாதிரி. கேக்கறது" என்றார்.

சொன்னேன். மூணு நாள் சோதிச்சேன்னு எழுதிக் குடுத்தது பொய் அக்கா, ஒண்ணும் செய்யாம இருந்தேன் என்றேன்.

அவர் சாயாவை ஆற்றினார். பிறகு கிளாஸைக் கீழே வைத்து விரலை மடக்கினார்.

"வியாழன். வெள்ளி. சனி. ஞாயிறு." நான்கு விரல். "நாலாக்கும், மணி."

"ஞாயிறு ஆபீஸ் லீவு அக்கா. அதனால எண்ணலை."

"உனக்கு லீவு" என்றார். "நான் வீட்டில இருந்தேன். அன்னைக்குத்தான் கோயில்ல வச்சு நாலு பேர் என்னைப் பார்த்துட்டு முகம் திருப்பினா."

பிறகு சாயா ஆறிவிடும், குடி என்றார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

விசாரணையைப் பற்றி எழுதிய இடத்தில் அந்த மூன்று நாள் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகும். இரண்டையும் நான்கு என்று படித்துக்கொள்ளவும்.